மோசமான நாளை எழுதிய படிவம்

லீட்ஸ், வியாழன்

அன்புள்ள அம்மா,

அப்பாவின் இருமல் குறைந்ததா? இங்கே நூலக வேலை வழக்கம்போல் போகிறது.

ஆட்டிசம் உள்ள உங்கள் பேத்தி நெஸ்டாவை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி தேடி நேற்று கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு உதவியாள் கேட்டு நான் கொடுத்த படிவத்தை டாக்டர் வாசித்தார். அவளுடைய மிக மோசமான நாளை எழுதினால்தான் உதவி கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னதால் அப்படியே எழுதியிருந்தேன்.

"நெஸ்டா கதவை உடைச்சதா நீங்கதானே எழுதியிருக்கீங்க, மெகன்?"

"வருஷத்துல ஒரே ஒரு நாள், டாக்டர்!"

"வீட்டுக்கு அனுப்ப ஆள் இல்லம்மா. ஆஸ்பத்திரியில படுக்கைதான் இருக்கு."

திங்கட்கிழமை சேர்க்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

உங்கள் நீலப் போர்வையை அனுப்புங்கள். அங்கே எல்லாவற்றிலும் பெயர் இருக்க வேண்டுமாம். பெயரை வெளிப்பக்கம் தையுங்கள், உள்ளே உறுத்தினால் அழுவாள். நானே தைக்கலாம்தான், கை ஓடவில்லை.

அவள் கூப்பிடுகிறாள், முடிக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மெகன்