கம்ப்யூட்டர் மாற்றும் விஷயமாக

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், கடையில் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் ஒன்பது சொல்லி முடித்துவிடுகிறாள்.

என் மானம் போன கதையை அவள் பாதி சொல்லியிருப்பாள், மீதியை நான் சொல்கிறேன். தெருக்கோடிக்குப் புதிதாக வந்த பல் டாக்டரம்மா கண்ணாடிக் கதவுக்கு ஸ்டிக்கர் எழுத்து கேட்டார். மழை படாமல் உள்பக்கம் ஒட்டச் சொன்னார். உள்பக்கம் என்றால் எழுத்தைத் திருப்பி வெட்டணும், அதற்கு ஸ்கிரீன் மூலையில் ஒரு கட்டம், அதில் டிக் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வித்தை. டிக் இருக்கிறது என்று நினைத்து வெட்டினேன். உள்ளே நின்று ஒட்டியதால் எனக்கு எல்லாம் நேராகவே தெரிந்தது, இரண்டடி தள்ளி நின்று என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள். வெளியே போனால் தெருவில் நாலு பேர் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவருக்கு மட்டும்தான் அந்தப் போர்டு சரியாகத் தெரியும். டாக்டரம்மா சிரித்துவிட்டார், அதுதான் இன்னும் கேவலம். கம்ப்யூட்டர் கிழடு டாக்டர், சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று சமாளித்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு வறுக்கிறார்கள். அது யோக்கியம் என்று நானும் சொல்லவில்லை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடையைப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து வந்தாலும் ஸ்கிரீனில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உன் அம்மா அதைத் தூக்கிப் போடு என்கிறாள். நீ புதிது அனுப்புகிறேன் என்கிறாய். மாப்பிள்ளை என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறார், அதில் எனக்குப் புரிந்தது முதல் வரி வணக்கம் மட்டும்தான். ரிப்பேர்காரரைக் கேட்டால் புதுசில் உங்க கட்டிங் மெஷின் கேபிள் சொருக ஓட்டையே கிடையாது சார், மெஷினையும் சேர்த்து மாத்துங்க என்கிறார். பல்லு வலிக்குதுன்னு போனவனுக்குத் தலையையே மாத்தச் சொல்ற மாதிரி இருக்கு என்றேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆஸ்பத்திரி வேலை. எண்பது அறைக்கும் கதவு எழுத்து, மாதக் கடைசிக்குள் முடிக்கணும். எக்ஸ்ரே அறையில் பிரசவ வார்டு என்று ஒட்டிவிட்டு வந்தால் அதற்கப்புறம் என்னை நம்பி யார் ஒரு எழுத்து வெட்டக் கொடுப்பார்கள், கடையை மூடிவிட்டு வீட்டில் உன் அம்மாவிடம் திட்டு வாங்குவதே முழுநேர வேலையாகிவிடும்.

வியாழக்கிழமை ரிப்பேர்காரர் ஒரு புதுக் கம்ப்யூட்டரில் என் எழுத்து வெட்டும் புரோகிராமையும் ஏற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சுவிட்சைத் தட்டின கை கீழே இறங்குவதற்குள் திறந்துவிட்டது. நம் வீட்டு ஜன்னல் அளவுக்கு ஸ்கிரீன். எப்படி சார், பளிச்சுன்னு இருக்கா என்றார். பத்து நிமிஷம் மௌஸை அப்படியும் இப்படியும் உருட்டிவிட்டு, எனக்குக் கை படியலை, எடுத்துட்டுப் போங்க என்றேன். புதுசுன்னாலே இந்த மனுஷனுக்கு ஆகாது என்று உன் அம்மா அவர் முன்னாலேயே சொன்னாள். அன்று சாயந்திரம் அவளுக்குப் பதில் பாத்திரங்கள்தான் பேசின.

அதனால் மாப்பிள்ளையிடம் சொல், அவசரப்பட்டு எதையும் ஆர்டர் போடவேண்டாம். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. சின்னவளுக்கு என் முத்தம். மூன்று பேரும் நிறைந்த ஆயுளோடு, சிரித்த முகத்தோடு இருக்கணும். இந்தக் கடிதத்தைப் பற்றி ஸ்பீக்கரில் பேசாதே.

அன்று ரிப்பேர்காரரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்தான் கிழடு என்று வியாழக்கிழமை வரை நானும் மனசார நம்பிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய புது ஸ்கிரீனிலும் எழுத்தெல்லாம் பழையதில் தெரிகிற மாதிரியே புகையாகத்தான் தெரிந்தது, டிக் போடுகிற அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா