பூமத்திய ரேகையில் ராகுகாலம்

பெப்ரவரி 14, வெள்ளி
கார் லைசென்ஸுக்கான என் றோட் ரெஸ்ற் இன்றும் நடக்கவில்லை. காலை பத்தே முக்காலுக்குக் கிடைத்திருந்தது. வெள்ளி பத்தரை தொடக்கம் பன்னிரண்டு ராகுகாலமாம். என் கணவர் மகேஸ்வரன் என்னைக் கேட்காமலே கான்சல் செய்துவிட்டார். இது மூன்றாம் தடவை.

ரொறன்ரோவுக்குள் மோர்னிங்சைட்டில் இருந்தபோது பஸ் இருந்தது. நகருக்கு வெளியே இந்த ஸ்ரௌவ்வில்லில் ஒரு பால் பெட்டி வாங்கவும் கார் ஓட்டும் இந்த ஐயா மனம் வைக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா? அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

பெப்ரவரி 15
அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. சத்தம் போடாமல் குடித்தார். குற்றமுள்ள நெஞ்சு.

மார்ச் 3
ஜூனில் வரும் எங்கள் இருபத்தைந்தாம் கலியாண நாளுக்கு மகன் பிரசாந் இப்போதே தென் அமெரிக்காவின் ஈக்குவடோருக்கு ரிக்கற் எடுத்துத் தந்திருக்கிறான். "எங்கட ஆக்கள் போகாத இடமா இருக்கட்டும் அம்மா" என்றான்.

மார்ச் 16
விமானம் புறப்பட்டதே ராகுகாலத்தில். அதனால் இவர் நேற்றே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைப் பக்கத்து வீட்டு மரியோவிடம் கொடுத்து வைத்தார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாம். அந்த மனிதர் பாவம், பைக்குள் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 18
பூமத்திய ரேகையில் ஒரு பிரமாண்டமான சூரியக் கடிகாரம். தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்தில் உயர்ந்த தூண், அதன் நிழல் விழ நிலமெல்லாம் கல் பதித்த கோடுகள். இங்கே வருடம் முழுக்க ஆறு மணியளவில் விடியும், ஆறு மணியளவில் இருளும் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள்.

இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"துர்க்கா, பகலை எட்டாப் பிரிச்சுத்தானே ராகுகாலம். ஆறுக்கு ஆறு எண்டாத்தான் வெள்ளியில பத்தரை வரும்."

"அப்ப ரொறன்ரோவில?"

தூணை அண்ணாந்து பார்த்தார். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு இருட்டும் ஊரில், இத்தனை வருடமும் இவர் இந்தத் தூணின் நேரத்தைப் பார்த்திருக்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மார்ச் 19
நான் சும்மா இருப்பேனா? போனில் கணக்குப் பார்த்தேன். எங்கள் கலியாணம் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில். "பத்தரை கழியட்டும் ஐயா" என்று ஐயரை மறித்துப் பத்தே முக்காலுக்குத் தாலி கட்டியவர் இவர். அன்றைக்கு உண்மையான ராகுகாலம் ஒன்பதரையளவில் தொடங்கிப் பதினொன்றேகால் தாண்டியும் இருந்திருக்கிறது.

சொல்லாமல் விடலாமோ? காலைச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். முட்டை கரண்டியிலேயே நின்றது.

"அப்ப இருபத்தஞ்சு வருசமும்..."

"ஓம். என்ன குறை உங்களுக்கு?"

கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு குறையும் இல்லை. உமக்கு?"

பகிடி ஒன்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ஒண்டு இருக்கு" என்றேன். "என்ர லைசென்ஸ். நீங்கள் கான்சல் பண்ணேக்க எனக்கு எவ்வளவு நொந்தது தெரியுமே?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

மார்ச் 28
இவரே ரெஸ்ற் பதிந்திருக்கிறார். ஏப்ரல் 11, வெள்ளி, நண்பகல் பன்னிரண்டு. கணக்குப் பார்த்தேன், ரொறன்ரோவின் சரியான ராகுகாலத்துக்குள் விழுகிறது.

"நேரம் பாத்தனீங்களே?"

"பாத்தனான். ரொறன்ரோ நேரம்தான்" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி
பாஸ். வரும்போது நான்தான் ஓட்டினேன். இவர் கதவுப்பிடியை விடவே இல்லை. வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"இறங்குங்கோ. நான் ஒருக்கா போட்டு வாறன்."

"எங்க?"

"போனாத்தான் தெரியும்."

இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் ஊரை மூன்று தரம் சுற்றினேன். ஒன்றும் வாங்கவில்லை.