ஸ்டார் போட மறந்த வகுப்பு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலம்தானே? போனில் பேசினால் பாதியில் உனக்குச் சவாரி வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், வண்டி நிற்கும்போது படி.

கல்லூரி இப்போது முழுக்கத் திரையில்தான் நடக்கிறது. விலங்கியல் பாடத்தைப் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து எடுக்கிறேன். எதிரே கறுப்புக் கட்டங்கள். ஒருவர் முகமும் தெரியாது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று போட வேண்டும். செருப்பு வாங்கினாலும் சாப்பாடு வரவழைத்தாலும் போட்டுப் பழகிய கைகள், என்னை மட்டும் விடுமா? "பாடம் ஓகே, பின்னாடி இருக்கிற திரைச்சீலை டல்" என்று ஒருவர். "நேரத்துக்கு வந்தது, சேதம் எதுவும் இல்லை" என்று இன்னொருவர். முதலில் சிரித்தேன். சராசரி நாலுக்குக் கீழே இருந்தால் அடுத்த பருவத்தில் வகுப்பு குறையும் என்று துறைத் தலைவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் மூன்றரையில் நிற்கிறேன்.

நீ இந்த ஸ்டாரை நம்பியே பிழைக்கிறவன். எப்படித்தான் தாங்குகிறாய்?

அன்புடன்,
அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். தாங்குவதற்கு என்ன இருக்கிறது? வெயில் மழை மாதிரி அது பாட்டுக்கு வரும், போகும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஏறியதும் வணக்கம். ஏசி போதுமா என்று ஒரு விசாரிப்பு. அவர் பேசினால் பேசுவேன், போனைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வேன். இறங்கும்போது சிரித்தபடி, "மறக்காம அஞ்சு போட்டுருங்க சார்" என்பேன். கூச்சப்பட்டால் கதை நடக்காது. நீயும் கேள். கஷ்டமான பாடத்தைத் தள்ளி வை, வகுப்பைக் கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிடு. முக்கியமாக, சின்ன வயதில் என்னை அதட்டியதுபோல அவர்களை அதட்டாதே.

உன் தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். ஸ்டாரை அள்ளிப் போட்டார்கள். ஆனால் அன்று நான் நடத்தியது பாடமே இல்லை. நாலு படத்தைக் காட்டிச் சிரித்துப் பேசிவிட்டு எழுந்துவிட்டேன். இது என்னால் ஆகாது. நான் பாடம் எடுக்கிறேன், சவாரி ஓட்டவில்லை. இனி இந்த மாதிரி யோசனை எழுதாதே.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அதன்பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தச் சவாரிப் பேச்சு உன்னைச் சுட்டிருக்கும். எழுதியிருக்கக் கூடாது. கோபம் தணிந்ததா என்று கேட்கத் துணிவில்லை; ஆனாலும் போன வாரம் நடந்ததை உன்னை விட்டால் யாரிடம் சொல்வேன்?

கல்லூரி ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அடைகாக்கும் பெட்டியில் மூன்று நாள் இருந்த கோழிமுட்டையை எடுத்து, ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, நுண்ணோக்கிமேல் கேமராவைப் பொருத்தினேன். மஞ்சள் கருவின் மேல் வேர் ஓடினாற்போல ரத்தக் குழாய்கள். நடுவே சுண்டுவிரல் நகத்தளவு கரு. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. இறகில்லை, அலகில்லை, கோழி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இதயம் மட்டும் வேலையைத் தொடங்கிவிட்டது. வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். ஆனாலும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. முகங்கள், தம்பி. வாய் திறந்தபடி, கன்னத்தில் கை வைத்தபடி. ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் அவள் அம்மா ஈரக்கையோடு நின்று பார்த்தாள். துடிப்பு மெல்லத் தளர்ந்தது. "என்னாச்சு மேடம்?" என்றான் ஒருவன். குளிர்கிறது என்று சொல்லி, வெதுவெதுப்பான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மறுபடி வேகம் பிடித்தது. யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

"நாம பாக்கிறது அதுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. கண்ணே இப்பத்தான் உருவாகுது."

ஓட்டில் வெட்டிய ஜன்னலை ஒட்டி மூடி, முட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன். சில நாள் வளரும், குஞ்சு பொரிக்காது என்பதையும் மறைக்கவில்லை. நேரம் முடிந்தும் யாரும் வெளியேறவில்லை.

ஒருவர்கூட ஸ்டார் போடவில்லை. மறந்தே போனார்கள். காலியாக இருந்தால் பூஜ்யம் என்று கணக்காம். துறைத் தலைவருக்கு அந்த வகுப்பின் வீடியோ பதிவைப் போட்டுக் காட்டினேன். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "ரூல் ரூல்தான் மேடம்" என்றார், குரல் இறங்கி. அடுத்த பருவத்தில் எனக்குப் பாதி வகுப்புகள்தான். ஏனோ அதற்காக அழுகை வரவில்லை.

பதிவை உனக்கும் அனுப்புகிறேன். மனசிருந்தால் பார்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமே இல்லை என்று எழுதினால் பொய். இருந்தது. ஆனால் எழுதாததற்கு அது மட்டும் காரணமில்லை.

இவள் முழுகாமல் இருக்கிறாள். முன்பு இரண்டு தடவையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் "இல்லை" என்று சொல்லத் தெரியாமல் தவித்தோமே, அதனால் இந்தத் தடவை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. போன மாதம் ஸ்கேனில் டாக்டர் சாம்பல் நிறத்தில் எதையோ காட்டி, "துடிக்குது பாருங்க" என்றார். தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை, உற்றுப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

உன் பதிவை இருவரும் வண்டியில் உட்கார்ந்துதான் பார்த்தோம். சவாரி அழைப்பை அணைத்துவிட்டேன். நீ வெந்நீர் விடும் இடம் வந்தபோது இவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், இருட்டுக்குள், இத்தனூண்டு இருந்துகொண்டு அது பாட்டுக்கு அடிக்கிறதே! இதையா அக்கா நீ வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?

நேற்று மறுபடி ஸ்கேன். இந்தத் தடவை டாக்டர் சொல்லும் முன்பே நான் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்ததும் இவள் சொன்னாள்: "அக்காவுக்குப் பாதி வகுப்புதானே? இங்க வரச் சொல்லுங்க. என் பக்கத்துல உக்காந்து எடுக்கட்டும்."

எந்த ரயில் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் தம்பி