பிறக்குமுன் கட்டிய ஏணை

புதன்கிழமை.

கல்யாணமாகாமல் பிள்ளைத்தாச்சியாகி நிற்கும் தங்கச்சி மகள் சுதா, தன் காதலன் பெடியனிடம் பேச என்னைப் போன கிழமை நிலாவெளிக்கு அனுப்பினாள். அவள் போனைத் தகப்பன் உடைத்துவிட்டான். திருகோணமலையில் என் வாய்க்கு எதிர்வாய் ஏது? பெடியன், "நாளைக்கே கட்டுறன் மாமா" என்று அழுதான்.

வீட்டுக்கு வந்து, எங்களோடு தங்கியிருக்கும் சுதாவிடம், "அவன் ஊரை விட்டே போயிட்டான், பிள்ளை. பெத்து எங்களிட்டத் தா" என்றேன். பிள்ளை வேண்டி இருபது வருடம் கோயில் கோயிலாக உருண்டவனுக்கு இது பொய்யில் சேராது.

என் மனைவிதான் அவசரக்காரி. பிறக்குமுன் கட்டக்கூடாத ஏணைத் தொட்டிலை எங்கள் அறைக்குள் கட்டிவிட்டாள். இன்று சுதா அதைத் தூசி படிந்தபடி கண்டாள்.

"மாமா, நீங்கள் நிலாவெளிக்குப் போக முதலே கட்டினதோ?"

செருப்பும் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடட்டும். அவள் பிள்ளையைக் கலைத்துவிட்டாள் என்று நான் அவனிடம் சொன்ன அன்றே பெடியன் ஆழ்கடல் வள்ளத்தில் ஏறிவிட்டான். என் வாயால் வந்தது ஒருநாளும் பொய்த்ததில்லை.