பெரிய கண்ணாடியில் கார்த்திகை

இன்று காலை நம் மகள் ஃபோனில் இரண்டு டெலஸ்கோப்புகளின் படத்தை அனுப்பி, "எதும்மா வாங்கலாம்?" என்று கேட்டாள். ஒன்று மெலிந்த லென்ஸ் குழாய். மற்றது அடியில் வெளிச்சத்தை அள்ளிச் சேர்க்கும் குழிக்கண்ணாடி பதித்த பருத்த குழாய். பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசி. ஒரு தை மாதச் சாயங்காலம் பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஐயங்கார் ஒருவர் மகன் வீட்டோடு போகவிருந்ததால் தன் டெலஸ்கோப் ஒன்றை விற்பதாகச் சொல்லியிருந்தார். மொட்டைக் கோபுரம் தெரியும் அவர் வீட்டு மாடியில் இதே மாதிரி இரண்டு நின்றன. "ரெண்டையும் பாருங்கோ. ஒண்ணை எடுத்துக்கோங்கோ, இன்னொண்ணு என்னோட வரணும்" என்றார்.

லென்ஸில் பிறைநிலாவைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பள்ளங்களின் விளிம்பெல்லாம் அவ்வளவு துல்லியம். தூக்கிப்போகவும் சுலபம். "இதுவே போதுங்க" என்றேன். நீங்களும் தலையசைத்தீர்கள்.

நன்றாக இருட்டியதும் அவர் இரண்டையும் கார்த்திகை நட்சத்திரங்களின் பக்கம் திருப்பினார். லென்ஸில் பார்த்துவிட்டுப் பருத்த குழாய்க்கு நகர்ந்தீர்கள். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"இவ்வளவா இருந்துச்சு?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகுதான் என்னிடம் மெல்லச் சொன்னீர்கள்: "சின்ன வயசுலேருந்து எனக்கு மாலைக்கண். எல்லாரும் அண்ணாந்து கையக் காட்டுவாங்க. ஒண்ணும் தெரியாமலே ஆமா ஆமான்னு சொல்லிட்டிருந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து நானும் எத்தனையோ தடவை கைகாட்டியிருக்கிறேன். அதற்கும் ஆமாம்தான். நான் ஒருமுறை அந்தப் பெரிய கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். வட்டம் கொள்ளாமல் நட்சத்திரங்கள் வழிந்துகொண்டிருந்தன. ஐயங்காரிடம் திரும்பி, "பெருசையே கொடுங்க" என்றேன்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்னங்க, தவிலா?" என்றார். "நட்சத்திரம் பாக்குறதுங்க" என்றீர்கள். அவர் பின்சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

சில வருஷம் கண்குளிரப் பார்த்தீர்கள். எண்பதுகளின் நடுவில் பார்வை மேலும் மங்கி, அந்தக் கண்ணாடியும் உங்களுக்கு இருண்டது. அப்புறம் நான் பார்ப்பேன். நீங்கள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பீர்கள். "அவசரப்படாம சொல்லு. நீலமா, வெள்ளையா? பக்கத்துல புகை மாதிரி இருக்கா?" உங்களுக்குச் சொல்வதற்காக மறுபடி மறுபடி பார்த்துத்தான் நான் பார்க்கவே கற்றேன்.

நீங்கள் போன பிறகும் மாடியில் தனியாக நிற்கும்போது வாய்விட்டுத்தான் சொல்கிறேன். "நீலம்தாங்க. ஓரத்துல லேசாப் புகை இருக்கு."