என் பெயர் வராத ஜெபங்கள்

என்னங்க,

இன்று காலை கார் கதவைத் திறந்ததும் காய்ந்த பாண்டான் இலை வாசம் முகத்தில் மோதியது. பின் இருக்கைக்கு அடியில் நீங்கள் போட்டு வைத்த கட்டு அப்படியே கிடக்கிறது. ஆண்டவர் கொடுத்த இலை இருக்கும்போது கடையில் விற்கும் வாசனைப் புட்டி எதற்கு என்பீர்கள். இலை சருகாகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. பிறகு பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஓட்ட ஆளில்லை என்பது கையில் இருந்த சாவியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இறங்கி வலது பக்கம் வந்தேன்.

ஆமாம், நம் ஜெபப் பயணத்துக்குத்தான் கிளம்பினேன். புது வருடத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஆயிற்றே. "அம்மா, இந்த வருஷம் வேணாம்லா, ஹைவே ஃபுல்லா ஜாமா இருக்கும்" என்றான் நம் மகன். நீங்கள் இல்லாத முதல் வருடம் என்று சொல்ல வாய் வராமல் ஜாமைச் சொன்னான்.

வருடம் முழுக்கப் பள்ளி வேன் ஓட்டிய மனிதர், விடுமுறை கிடைத்தாலும் வண்டிதான் ஓட்டுவேன் என்றால் யார் என்ன செய்ய முடியும்? பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பி சுங்கை வே, கிள்ளான், பந்திங், கடைசியாக நீங்கள் பிறந்த கேரி தீவு. நம்மை வாழவைத்த இந்த வட்டாரத்தை வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து ஆண்டவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்கள் ஏற்பாடு. தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்துவீர்கள், எஞ்சினை அணைக்க மாட்டீர்கள். கண்ணாடியை இறக்கி, உள்ளங்கையை அந்த வீட்டின் பக்கம் நீட்டி, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லி ஜெபிப்பீர்கள். ஆமென் சொல்வது என் வேலை. ஓடும் வண்டியிலும் ஜெபம் உண்டு. ஓட்டுகிறவர் கண்ணை மூடக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் மூடியே ஆக வேண்டும் என்பது நம் வண்டிச் சட்டம். அந்தச் சட்டத்தால் இந்த ஊர்களின் பாதிச் சாலையை நான் பார்த்ததே இல்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு ஒவ்வொரு வருடமும் வயிறு எரிந்தது. சுங்கை வேயில் உங்கள் பழைய கூட்டாளியின் சர்க்கரை நோய்க்கு ஜெபம், அவர் மருமகளின் வேலைக்கு ஜெபம். பந்திங் பாசாரில் தேங்காய்ப்பால் சோறு ஆக்கி நாசி லெமாக் கட்டி விற்கும் அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு, "அண்ணே, ஒங்க சாமிகிட்ட என் முட்டிக்கும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே" என்பார். அந்த முட்டிக்கும் ஜெபம் நடந்தது, இடது முட்டி என்று விளக்கமாக. என் பெயர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு முட்டிக்குக் கிடைத்த இடம் கட்டின பெண்டாட்டிக்குக் கிடைக்கவில்லை.

ஆண்டவர் மேலேயே எனக்குப் பொறாமை இருந்தது. அவரிடம் பேசும்போது உங்கள் குரல் என்னமாய்க் குழையும்! என்னிடம் "மழை வரும்போல", "சாப்பாடு ஆச்சா", அத்தோடு சரி. நெஞ்சு வலிக்கிறது என்பதைக்கூட முதலில் அவரிடம்தான் சொன்னீர்கள். கிள்ளான் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்ற நேரம். பக்கத்தில் கண்ணை மூடியிருந்த நான், அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டவளைப்போல அதைத் தெரிந்துகொண்டேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இப்பதானே சொன்னேன். நீயும் கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

அன்று வீடு வரும்வரை நான் ஆமென் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன், சலோமியைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு முன்னால் உங்களுக்குப் பேசி முடிக்க இருந்த பெண். அவள் அப்பா திடீரென்று இறந்துபோக, தம்பி தங்கைகளுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று கேரி தீவுத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் வீட்டு வாசலில் மட்டும் எஞ்சினை அணைப்பீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, அவள் போட்டுத் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, "ஆண்டவரே, உம்ம மகள் சலோமிக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கும்" என்று நீளமாக ஜெபிப்பீர்கள். அந்தத் தேநீர் நன்றாகவும் இருந்து தொலைக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வேன்.

ஒரு வருடம் திரும்பி வரும்போது தாங்காமல் கேட்டேவிட்டேன். "ஊருல இருக்கிற எல்லாருக்கும் பேரு சொல்லி ஜெபம் பண்றீங்க. என் பேரு மட்டும் ஒங்க வாயில வராதா?"

நீங்கள் சிரித்தீர்கள். "நீதான் பக்கத்துலயே இருக்கியேலா. ஒனக்கு எங்க வண்டிய நிறுத்துறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு, சாலை ஓரத்துச் செம்பனை மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதையும் ஒரு பதில் என்று சொன்னீர்களே.

இன்று கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன், சட்டப்படி. சுங்கை வேயில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினேன், நீங்கள் சொல்வதுபோல வார்த்தை வரவில்லை. பெயரை மட்டும் சொன்னேன். கிள்ளானிலும் அப்படித்தான். பந்திங்கில் நாசி லெமாக் அக்கா ஒன்றும் கேட்காமல் இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், ஒன்றில் மிளகாய்ச் சம்பல் கூடுதலாக. அது உங்கள் பங்கு. "எடுத்துக்கிட்டுப் போங்க சிஸ்டர், யாராச்சும் சாப்புடட்டும்" என்றார். முட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானாகத்தான் விசாரித்தேன்.

அந்தப் பொட்டலத்தைச் சலோமியிடம் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது?

அவள் கேட்டருகே நின்றிருந்தாள். கண் முதலில் காரின் இடது பக்கத்துக்குத்தான் போனது, காலியான இருக்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தனியாவா ஓட்டிக்கிட்டு வந்தீங்க அக்கா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். தேநீர் வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து, சம்பல் வாசம் வந்ததும் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "வருஷா வருஷம் நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போறப்ப இந்தக் கேட்டுகிட்டயே நிப்பேன். கார் பாலத்துப் பக்கம் திரும்புற வரைக்கும் ஒங்க தலை ரெண்டும் தெரியும். வயிறு எரியும் அக்கா. எனக்காக ஜெபம் பண்ண ஆள் வந்துச்சு. என்கூட உக்காந்து போக ஆள் இல்லையே."

இத்தனை வருடம் நான் அவளைப் பார்த்து எரிந்தேன், அவள் என்னைப் பார்த்து எரிந்தாள். நடுவில் நீங்கள் ஒன்றும் தெரியாமல் பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டிருந்தீர்கள்.

கிளம்பும்போது சலோமி என் தலையில் கை வைத்தாள். "ஆண்டவரே, உம்ம மகள் ரூபிக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கும்."

உங்கள் வார்த்தை, அப்படியே. என் பெயரோடு.

அதற்காகத்தானே இத்தனை வருடம் ஏங்கினேன்? கேட்டதும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. வண்டியை நிறுத்திப் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டியவர்கள் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தப் பெயரை யாராவது திருப்பி எடுத்துக்கொண்டு, என்னைப் பழையபடி அந்த இடது இருக்கையில் உட்கார வைத்தால் போதும் என்றிருந்தது.

இனி ஒவ்வொரு வருடமும் போவேன். அடுத்த தடவை திரும்பும்போது சலோமியையும் பந்திங் வரைக்கும் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். பாண்டான் கட்டையும் மாற்ற வேண்டும். ஆனால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது நீங்கள் ஆண்டவரோடு இருக்கிறீர்கள், அவரிடம் நாள் முழுக்கக் குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசுங்கள், நான் குறுக்கே வரவில்லை. சாப்பாட்டுக் கடையில் எனக்கு இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைப்பீர்களே, அதுபோல உங்கள் பக்கத்தில் ஏதாவது வைத்திருங்கள். நான் வரும்வரை அங்கே யாரையும் உட்கார விடாதீர்கள். அவரையும்தான்.