‘ர’வுக்கு வைத்த வால்

என் ஆசை மச்சாள்,

இன்று பின்னேரம் கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரும் பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் ஒரு குளக்கரையில் குந்தியிருந்து தண்ணீரில் விரலால் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எழுத்துகள் கலையாமல் மிதந்து என் பக்கம் வந்தன. என்ன எழுதினீர்கள் என்று வாசிப்பதற்குள் கண்டக்டர், “அக்கா, மாங்குளம் வந்திட்டுது” என்று எழுப்பிவிட்டார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உங்களிடம் ஒரு விசயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். உங்கள் கையெழுத்தில் நான் கைவைத்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

என் அண்ணாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனோம். நீங்கள் மருந்தகத்துக்கு, நான் அச்சகத்துக்கு. டொக்டரின் எழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும். அதை வாசித்து, மருந்து உறையில் நீங்கள் எழுதிக் கொடுப்பதைக் கண்ணாடி இல்லாத கிழவரும் வாசிப்பார். நீங்கள் போனபிறகு அங்கே சனம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் உங்கள் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவர நினைத்தேன்.

அண்ணா அலுமாரிக்குள் இருந்த உறைகளை எடுத்துத் தந்தார். அயலட்டையில் கேட்டபோது சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். கணினிக்காரர்கள் இதை ‘ஹியூமனிஸ்ட் சான்ஸ்’ வகை என்பார்கள். எழுத்தின் நுனிகளில் நகம், கொளுக்கி, அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் அடிமட்டம் வைத்து இழுத்ததும் அல்ல. பேனை எங்கே அழுத்தியது, எங்கே இளகியது என்று பார்த்தவுடன் தெரியும். உங்கள் ‘ழ’ கடைசியில் கொஞ்சம் மூச்சு வாங்குவதுகூடத் தெரிகிறது.

மெல்லியது, நடுத்தரம், தடிப்பு என்று ஒரே எழுத்தை மூன்றாகச் செய்தேன். மூன்றையும் சேர்த்து ஒரு குடும்பம் என்பது எங்கள் தொழில் வழக்கம். அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கடை குடும்பத்திலை ஆர் மெல்லிசு?” என்று கேட்டார். நீங்கள் போனபிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டைத்தான் முதலில் நடுத்தரத்தில் அடித்தோம். இப்போது மெல்லியது கலியாண அழைப்பிதழில் வருகிறது. தடிப்பு டிராக்டர் திருத்தும் கடையின் பலகையில் நிற்கிறது. விதைநெல் பைகளிலும் இருக்கிறீர்கள். மருந்தகத்திலும் இப்போது உறையில் பேரையும் மருந்தையும் உங்கள் எழுத்திலேயே கணினியில் அடித்துக் கொடுக்கிறார்கள். ஏ-ஒன்பது வீதியில் போகும்போது பாதி நித்திரையில் யன்னலால் பார்த்தால், நீங்கள் வழிநெடுக நின்று ஏதோ சொல்லிக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. உங்களுக்கும் நான் போவது தெரிகிறதா?

இனி அந்த ‘ர’வுக்கு வருகிறேன். நீங்கள் ‘ர’வுக்குக் கீழே வால் இழுக்கவே மாட்டீர்கள். ‘கா’வில் துணைக்காலாக வருகிற அரவும் உங்கள் ‘ர’வும் ஒட்டிப் பிறந்த இரட்டை. நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்?

“வால் என்னத்துக்கு, குரங்கோ அது? பக்கத்து எழுத்தைப் பாத்தால் விளங்கும்தானே” என்பீர்கள்.

உங்கள் பிடிவாதத்தையும் சேர்த்துத்தான் கணினியில் ஏற்றினேன். திருத்த மனம் வரவில்லை. அது என் பிழை.

போன மாதம் தர்மபுரத்திலிருந்து ஒரு தாய் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குத் திரும்பி வந்தா. நான் புது உறைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். “பாணி எண்டு போட்டிருக்கு, உள்ளுக்கை ஊத்திக் குடுக்கிற மருந்தில்லை, முழுங்கிற குளிசை கிடக்கு. மாறித் தந்திட்டியளோ எண்டு பயந்து நேற்று முழுக்கக் குடுக்கேல்லை” என்று உறையை நீட்டினா.

உறையில் இருந்தது பிள்ளையின் பேர். பரணி. வால் இல்லாத ‘ர’ அரவாகிப் பரணி பாணியாகிவிட்டான். பாணி மருந்து காலை ஒன்று, இரவு ஒன்று என்று அவா வாசித்ததில் என்ன பிழை? அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் காலத்தில் ஏன் இப்படி நடக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்துக் காட்டித்தான் உறையைக் கொடுப்பீர்கள். நான் எழுத்தை மட்டும் எடுத்தேன். குரலை எங்கே போய் எடுப்பேன்?

வீட்டுக்கு வந்து எல்லா உறைகளையும் பரப்பி, உங்கள் கையால் இழுத்த வால் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு தாளில் நானே ‘ர’ எழுதினேன். நாற்பது, ஐம்பது தரம். உங்கள் பேனை இளகும் இடத்தில் என் கை அழுத்துகிறது. எவ்வளவு முயன்றும் அது நீங்களாகவில்லை. அதில் கொஞ்சம் பரவாயில்லாததை எடுத்து உங்கள் எழுத்தின் காலடியில் ஒட்டினேன்.

அச்சடித்து அண்ணாவிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தார். “இந்த வால் அவாவின்ரை இல்லை” என்றார்.

“ஓம் அண்ணா, என்ரை.”

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, இருக்கட்டும். அவாவுக்கும் ஒரு துணை வேணும்தானே” என்றார்.

கோபிக்காதீர்கள் மச்சாள். மற்ற எழுத்து எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்தச் சத்தியத்தை என்னால் செய்ய முடியாது. இன்னொரு பிள்ளை மருந்து குடிக்காமல் காய்ச்சலோடு கிடந்தால் இன்னோர் எழுத்தையும் மாற்றுவேன். உங்கள் எழுத்து ஒன்றுகூட மிஞ்சாமல் போனாலும் மாற்றுவேன். அதுதான் நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனுசனின் ஒரே தங்கச்சி,
உங்கள் மச்சாள்